எட்டு நாள் பிசகு

போன மாதம், நான் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்த மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். திசுப் பரிசோதனைக் கூடத்தில் புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியனாம். பழைய ஸ்லைடு பெட்டிகளைத் தூக்கிப் போடப்போகிறார்கள், ஒருமுறை வந்து பார்த்துவிடுங்கள் என்றாள். மந்தைவெளியிலிருந்து ராஜா அண்ணாமலைபுரம் ஆட்டோவில் பத்து நிமிடம். போனேன்.

பெட்டியைத் திறந்து ஒரு கண்ணாடித் துண்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவள், "ரோஸலின் ஆன்ட்டி, இதுல எல்லாமே கறுப்பா இருக்கே, அழுக்கா?" என்று கேட்டாள்.

அழுக்கில்லை. அது ஒரு பெண்ணின் கருப்பை உள்ளுறையில் ஒரு நொதி வேலை செய்ததற்கான தடம். ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் வந்த பிறகு யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. அந்தப் பெண்ணுக்குத் தெரியாததில் தவறில்லை. "அப்போ இதை வச்சு என்ன கண்டுபிடிப்பீங்க?" என்று கேட்டாள். நின்றபடியே கொஞ்சம் சொன்னேன். மீதியை எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன். அதைத்தான் எழுதுகிறேன்.

நான் சாந்தோம்காரி. அம்மா எங்கள் மாதா கோயில் பங்குப் பள்ளியில் டீச்சர். விலங்கியல் படித்தேன், ஒரு வருடம் லேப் டெக்னீஷியன் படிப்பு, இருபத்திரண்டு வயதில் இந்த வேலை. பயிற்சிக் காலம் என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறு மாதம் கண்ணாடி கழுவினேன்.

அலமேலு மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மகப்பேறு மருத்துவர். காலையில் நோயாளிகளைப் பார்ப்பார், மதியத்துக்கு மேல் மைக்ராஸ்கோப்பில் உட்கார்ந்துவிடுவார். குழந்தையில்லை என்று வரும் பெண்களுக்கு உள்ளுறையிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து, அதில் நொதிகள் எப்படி இருக்கின்றன என்று பார்ப்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்கென்று மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறையை நிர்வாகத்தோடு சண்டை போட்டு வாங்கியிருந்தார். அந்த அறைக்கு நான்தான் முழு ஸ்டாஃப்.

மயிலாப்பூரில் பழைய குடும்பம். ஒன்பது கஜப் புடவை கட்டும் மாமியாரின் வீட்டிலிருந்து மேடம் நடந்தே வருவார். திட்டமாட்டார், பாராட்டவும் மாட்டார். ஸ்லைடு நன்றாக வந்திருந்தால் பக்கத்து ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளி, "உக்காந்து பாரேன்" என்பார். அவ்வளவுதான். அந்த ஸ்டூல் நகரும் சத்தத்துக்காக நான் எத்தனையோ நாள் சாப்பிடாமல் வேலை பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பழக்கம் உண்டு. ரிப்போர்ட்டை முதலில் பென்சிலில்தான் எழுதுவார். ஒருநாள் ஆறப்போட்டுவிட்டு, மறுநாள் ஸ்லைடை மறுபடி பார்த்துவிட்டுத்தான் பேனா எடுப்பார். "மனசு அவசரப்பட்டுடும் ரோஸலின். கண்ணுக்கு ஒரு நாள் டைம் கொடு" என்பார்.

வேலை இப்படித்தான் நடக்கும். மேடம் எடுத்த துணுக்கு, அரிசி மணி நான்கைச் சேர்த்தால் எவ்வளவோ அவ்வளவு இருக்கும். அதை ஈரத் துணியில் வைத்து, ஐஸ் போட்ட ஃபிளாஸ்கில் நான் மாடிக்கு ஓடி வர வேண்டும். தாமதித்தால் நொதி செத்துப்போகும். குளிர்ப்பெட்டிக்குள் உறையவைத்து, உள்ளேயே இருக்கும் கத்தியால் காகிதத்தைவிடப் பல மடங்கு மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டுவேன். பிறகு அந்த நொதிக்குப் பிடித்த தீனியைக் கரைசலாக்கி, உடம்புச் சூட்டில், முப்பத்தேழு டிகிரியில் ஊறவைப்பேன். நொதி உயிரோடிருந்தால் தீனியை உடைக்கும். உடைந்தது அந்த இடத்திலேயே படியும். அதன்மேல் கோபால்ட் உப்பு, கடைசியாக அம்மோனியம் சல்ஃபைடு. படிந்த இடமெல்லாம் கறுப்பாகிவிடும். நொதியை நாம் பார்ப்பதில்லை. அது செய்துவிட்டுப் போன வேலையின் கறையைப் பார்க்கிறோம்.

அந்தக் கடைசி பாட்டிலைத் திறந்தால் அழுகிய முட்டை நாற்றம் மாடி முழுக்கப் பரவும். கூட்ட வரும் கன்னியம்மா வாசலிலேயே நின்று, "இன்னாமா ரோசு, இன்னிக்கும் அந்த முட்டையா? நான் அப்பால வந்து கூட்டிக்கிறேன்" என்று விளக்குமாறோடு திரும்பிவிடுவாள்.

ஆல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற நொதியைத்தான் நாங்கள் அதிகம் பார்த்தோம். மாதவிலக்கு முடிந்து புது உறை வளரத் தொடங்கும்போது அது சுரப்பிகளில் லேசாகத் தலைகாட்டும். நாள் ஆக ஆகக் கறுப்பு ஏறும். மாதத்தின் நடுவில் மை பூசியதுபோல் இருக்கும். முட்டை வெளிப்பட்டதும் சுரப்பிகளில் அது வடிந்துபோய், சின்ன ரத்தக்குழாய்ச் சுவர்களில் மட்டும் நிற்கும். அதற்குப் பதில் ஆசிட் பாஸ்பட்டேஸ் என்ற இன்னொன்று ஏறும். விலக்குக்கு முந்தைய நாட்களில் எடுத்த துணுக்கில் முதல் நொதி வடிந்திருந்தால், அந்த மாதம் முட்டை வந்திருக்கிறது என்று பொருள். வடியாமல் கறுப்பாகவே இருந்தால் வரவில்லை.

சேர்ந்த இரண்டாம் வருடம் நான் ஒரு தவறு செய்தேன். ஃபிளாஸ்கில் ஐஸ் போட மறந்துவிட்டேன். மே மாதம். துணுக்கு சூடாகி, ஸ்லைடில் கறை எங்கெங்கோ பரவிக் கிடந்தது. சொல்லாமல் காட்டினேன். மேடம் ஒரு நிமிடம் பார்த்தார். "ஐஸ் இருந்துதா?" என்றார். இல்லை என்று தலையாட்டினேன்.

திட்டியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைக் கூட்டிக்கொண்டு வார்டுக்குப் போனார். அந்தத் துணுக்குக்கு உரியவள் வடபழனிப் பக்கம் படப்பிடிப்புகளுக்கு உடை தைக்கும் பெண். மேடம் அவளிடம், "எங்க பக்கம் ஒரு தப்பு நடந்துடுத்து. மறுபடி எடுக்கணும். என்ன தப்புன்னு இவ சொல்லுவா" என்று சொல்லிவிட்டு நகர்ந்து நின்றுகொண்டார். நான் சொன்னேன். அந்தப் பெண் என்னைக் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்போ இன்னொரு தபா வலிக்குமாக்கா?" என்று மட்டும் கேட்டாள். அதற்குப் பிறகு என் கையிலிருந்து ஐஸ் இல்லாமல் ஒரு துணுக்கும் மாடியேறவில்லை.

இதெல்லாம் கோமதியின் கதைக்கு வருவதற்காகச் சொன்னது.

கோமதி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். தி.நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்தில் மருமகள். கல்யாணமாகி மூன்று வருடம் ஆகியிருந்தது. கடையில் பில் போடும் வேலையை அவள்தான் பார்த்தாள். மாமியாரோடு வந்திருந்தாள். மேடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மாமியாரே பதில் சொன்னார்.

"இன்னைக்கு இருவத்தாறாவது நாளு டாக்டர். நான் காலண்டர்ல குறிச்சு வச்சிருக்கேன், ஒரு நாள் பிசகாது" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தாமலேயே, "முட்ட உண்டாகலன்னா உண்டாகலன்னு எழுதித் தந்திருங்க. நாங்களும் அடுத்தாப்ல என்னன்னு பாக்கணும்லா. எந்தம்பி மக ஒருத்தி இருக்கா" என்றார்.

கோமதி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அழுகை இல்லை, பயம் இருந்தது. துணுக்கு எடுக்கும்போது நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்; விரல்கள் ஜில்லிட்டிருந்தன. வலிக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அன்று வந்த ஸ்லைடில் சுரப்பிகள் குட்டையாக, நேராக இருந்தன. முட்டை வந்த பிறகு அவை நெளிந்து அகன்றிருக்க வேண்டும். அப்படி இல்லை. நொதியின் கறை வடியவில்லை, ஆனால் கறுப்பாகவும் இல்லை. வெளிர் பழுப்பு.

"ஊறவச்ச சூடு எத்தனை டிகிரி?"

"முப்பத்தேழு மேடம்."

"தீனி எப்போ கரைச்சே?"

"இன்னிக்குக் காலைலதான்."

மேடம் உதட்டைப் பிதுக்கினார். என் கறை சரியாக ஏறவில்லை என்று நினைத்துவிட்டார் என்று புரிந்தது. ஸ்டூல் நகரவில்லை. பென்சிலில் எழுதினார்: இருபத்தாறாம் நாள், வளர்நிலை உறை, முட்டை வெளிப்படவில்லை.

வீட்டுக்குப் போயும் எனக்கு அந்தப் பழுப்பு கண்ணை விட்டுப் போகவில்லை. இருபத்தாறு நாள் முட்டை வராமல் வளர்ந்துகொண்டே போன உறை என்றால் தடித்து, மையாகக் கறுத்திருக்க வேண்டும். அப்படி நூறு பார்த்திருக்கிறேன். இது ஏன் இவ்வளவு மெலிந்து கிடக்கிறது? தப்பு என்னுடையது என்றால் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

மறுநாள் காலை மேடம் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போனேன். மிச்சத் துணுக்கு குளிர்ப்பெட்டியில் இருந்தது. புதிதாகத் தீனி கரைத்தேன். ஒரே கண்ணாடியில் ஒரு பக்கம் கோமதியின் உறை, மறுபக்கம் எலிக்குடல். எலிக்குடலில் அந்த நொதி ஏராளம். கரைசல் சரியாக இருந்தால் அது கறுத்தே தீரும். சல்ஃபைடில் முக்கி எடுத்தேன். எலிக்குடல் தார்போலக் கறுத்தது. பக்கத்தில், அதே கண்ணாடியில், கோமதியின் உறை பழுப்பாகவே இருந்தது.

மேடம் பேனா மூடியைத் திறந்துகொண்டிருந்தார். "மேடம், பேனால எழுதாதீங்க" என்றேன். அப்படி நான் அவரிடம் பேசியதே இல்லை.

அவர் ஸ்லைடை வாங்கி நெடுநேரம் பார்த்தார். எலியைப் பார்த்தார், கோமதியைப் பார்த்தார், மறுபடி எலியை.

"இது இருபத்தாறு நாள் வளர்ந்த உறையே இல்லடி. அஞ்சாறு நாள் கன்னு. இப்போதான் துளிர் விட்டிருக்கு." கண்ணை எடுக்காமலே கேட்டார், "தேதி யார் சொன்னா?"

"மாமியார்."

"அந்தப் பொண்ணு வாயைத் திறந்தாளா?"

"இல்ல மேடம்."

ஒரு ரத்தப் பரிசோதனை பாக்கியிருக்கிறது என்று சொல்லி மறுநாளே வரச் சொன்னோம். மாமியாரும் கூடவே வந்தார். மருமகளைத் தனியாக விடுகிற மாதிரி தெரியவில்லை. மேடம் என் காதருகில், "அந்த பாட்டிலைக் கொஞ்சம் திற" என்றார்.

திறந்தேன். அந்தம்மா வாசற்படியில் ஒரு காலை வைத்தவர் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னத்த இது, இப்படி நாறுது! நான் வெளிய இருக்கேன், நீங்க பாருங்க" என்று பெஞ்சுக்குப் போய்விட்டார். கன்னியம்மா போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தாள். கதவைச் சாத்தினேன்.

மேடம் கோமதியை என் ஸ்டூலில் உட்காரவைத்தார். "உன் உடம்பு ஒரு தேதி சொல்றது, உன் மாமியார் ஒரு தேதி சொல்றா. நான் யாரை நம்பறது?" என்று மெதுவாகக் கேட்டார்.

கோமதி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். வெளியே கேட்டுவிடக் கூடாதே என்று அந்த அழுகையிலும் கவனமாக இருந்தாள்.

"என் கூடப்பொறந்தவ கல்யாணம் மேடம். எனக்குக் கல்யாணமாகி ஆறு மாசந்தான் இருக்கும். கல்யாணத்துக்கு மொத நா சாயங்காலம் வெலக்கு வந்துட்டு. சொன்னா அத்தை மண்டபத்துக்கே விட மாட்டாவ. எனக்கு அவ ஒருத்திதான் மேடம். சொல்லாம இருந்துட்டேன்."

"அப்புறம்?"

"வீட்ல நாள் தள்ளிப்போச்சுன்னு எல்லாருக்கும் சந்தோசம். அத்தை எனக்கு மாதுளம்பழம்லாம் உரிச்சுக் குடுத்தாவ. எனக்குத் தாங்கல. எட்டு நா கழிச்சு, இப்பத்தான் வந்துச்சுன்னு சொல்லி ஓரமா உக்காந்துட்டேன்."

அடுத்த மாதம் உண்மையைச் சொல்லலாம் என்று நினைத்தாளாம். ஆனால் வீட்டுக் கணக்குப்படி இருபது நாளிலேயே வந்ததாகிவிடும். ஏன் என்று கேட்பார்கள். அதையும் மறைத்தாள். அதிலிருந்து இரண்டரை வருடமாக அவளுக்கு மாதத்தில் இரண்டு முறை. நிஜமாக வருவதைக் கடைக் குளியலறையில் மறைத்தாள். எட்டு நாள் கழித்து, ஒன்றுமே இல்லாமல், வீட்டின் பின்னறையில் ஐந்து நாள் தள்ளி உட்கார்ந்தாள்.

"தீட்டோட பூசை ரூம்ல விளக்கேத்திருக்கேன் மேடம். வேற வழியில்ல, அத்தை ஏத்தச் சொல்லுவாவ. அதான் சாமி எனக்குக் குடுக்கல."

மேடம் அவள் பக்கம் குனிந்தார். பிறகு சொன்னார். "எங்காத்துலயும் அந்த மூணு நாள் சமையக்கட்டு வாசல் தாண்டக் கூடாது. ஆனா அந்த மூணு நாளும் நான் இங்கே வந்து ஆபரேஷன் பண்ணிண்டுதான் இருந்தேன். எத்தனையோ கொழந்தை என் கையில பொறந்துது. ஒண்ணுத்துக்கும் ஒரு குறையும் வரலை."

கோமதி அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை.

மேடம் பழைய ரிப்போர்ட் தாளின் பின்பக்கம் இரண்டு வரிசையாக நாட்களை எழுதினார். மேலே நிஜம், கீழே வீட்டுக் கணக்கு. துணுக்கு எடுத்த அன்று கீழே இருபத்தாறாம் நாள், மேலே அடுத்த விலக்கே வந்து ஆறாம் நாள். கணவர் எப்போது வீட்டில் இருப்பார் என்று கேட்டார். அவள் தலைக்குக் குளித்த கையோடு அவர் சூரத், ஈரோடு என்று சரக்கெடுக்கக் கிளம்பிவிடுவாராம். வீட்டுக் கணக்கில் பன்னிரண்டாம் நாள் திரும்பிவர வேண்டும் என்பது மாமியாரின் உத்தரவு. யாரோ ஒரு டாக்டர் பன்னிரண்டிலிருந்து பதினாறு நல்ல நாள் என்று சொல்லியிருந்தார்.

மேடம் மேல் வரிசையில், கரு தங்கக்கூடிய நாட்களைக் காட்ட, ஒன்பதாம் நாளிலிருந்து ஒரு கோடு இழுத்தார். கோடு பதினேழில் போய் நின்றது; கணவர் திரும்பும் பன்னிரண்டாம் நாள் மேல் வரிசையில் இருபதாக இருந்தது. பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

"முட்டை வர நாளெல்லாம் நீ பின்னறையில ஒக்காந்திருக்கே. நீ வெளியில வந்தா அவன் ஊர்ல இல்லை. அவன் வந்து சேர்றச்சே முட்டை போய்டுத்து. எப்படிடி கொழந்தை பொறக்கும்?"

எனக்கு ஆத்திரமாக வந்தது. கதவைத் திறந்து அந்தப் பெஞ்சில் இருப்பவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. கோமதி வெளியே முகம் கழுவப் போனபோது மேடத்திடம் அதைச் சொன்னேன்.

"சொன்னா உனக்கு நிம்மதி. அவளுக்கு? அந்தாத்துல காலம் பூரா இருக்கப்போறவ அவ" என்றார்.

அவர் செய்தது இதுதான். கல்யாணம், கோயில் என்று விலக்கைத் தள்ளிப்போடப் பெண்கள் வந்து கேட்கும் மாத்திரை உண்டு. அதை எழுதிக்கொடுத்தார். அடுத்த நிஜ விலக்குக்கு மூன்று நாள் முன்பு தொடங்கி, வீட்டுக் கணக்கோடு வந்து சேரும்வரை. "எட்டு நாள்தானே. நிஜத்தைக் கொண்டுபோய்ப் பொய்யோட நிறுத்திடலாம். அப்பறம் ரெண்டுக்கும் ஒரே தேதி. அதுக்கு மேல மறைக்காதே. உன் ஆத்துக்காரனுக்குச் சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம்."

பென்சிலில் இருந்ததை அழித்துவிட்டு பேனாவில் எழுதினார்: இந்தத் துணுக்கைக் கொண்டு முட்டை வெளிப்பட்டதா என்று கூற இயலாது; இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. மாமியாருக்குத் திருப்தி இல்லை. "இன்னும் ரெண்டு மாசமா?" என்றார். "மூணு வருஷம் பொறுத்தேள், இன்னும் ரெண்டு மாசம் பொறுங்கோ. புருஷனையும் அந்த ரெண்டு மாசம் வெளியூர் அனுப்பாதேங்கோ" என்றார் மேடம்.

அடுத்த வாரமே எங்கள் படிவம் மாறியது. கடைசி விலக்குத் தேதியை அந்தப் பெண்ணிடம் மட்டும், தனி அறையில், கதவைச் சாத்திக் கேட்க வேண்டும். கேட்பது நர்சோ டாக்டரோ இல்லை, ரோஸலின். "உன்னைப் பாத்தா யாருக்கும் பயம் வராது" என்றார் மேடம். நான் ஓய்வு பெறும்வரை அந்தக் கேள்வியை ஆயிரக்கணக்கான பெண்களிடம் கேட்டிருக்கிறேன். பாதிப் பேர் ஒரு தேதி சொல்லிவிட்டு, கதவைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு தேதி சொல்வார்கள். தீபாவளிக்காக, கொலுவுக்காக, வேளாங்கண்ணி போவதற்காக, புருஷனோடு ஒரு நாள் படுக்காமல் இருப்பதற்காக. நான் இரண்டாவதாகச் சொன்னதை எழுதிக்கொள்வேன்.

இரண்டு மாதம் கழித்துக் கோமதி வந்தாள். இருபத்தாறாம் நாள்; இந்த முறை அதை அவளே என்னிடம் சொன்னாள். அன்றைய ஸ்லைடை இப்போதும் என்னால் வரைந்து காட்ட முடியும். சுரப்பிகள் ரம்பப் பல் மாதிரி நெளிந்து அகன்றிருந்தன. அவற்றில் முதல் நொதி சுத்தமாக இல்லை. குட்டி ரத்தக்குழாய்கள் மட்டும் கறுப்பு வளையமாக நின்றன. இரண்டாவது ஸ்லைடில் ஆசிட் பாஸ்பட்டேஸ் எங்கும் மண்டிக்கிடந்தது. மேடம் பார்த்தார். ஸ்டூல் கிரீச்சென்று நகர்ந்து என் முழங்காலில் இடித்தது.

"உக்காந்து பாரேன்."

அன்றைக்கு அவர் பென்சிலைத் தொடவேயில்லை. நேராகப் பேனாதான்.

ஐந்து மாதம் கழித்து அவளுக்கு நாள் தள்ளியது. இந்த முறை நிஜமாகவே.

பிரசவமும் எங்கள் மருத்துவமனையில்தான். பெண் குழந்தை. மேடம் பார்க்கக் கிளம்பியபோது என்னையும் கூப்பிட்டார். அறை முழுக்கச் சொந்தக்காரர்கள். மாமியார் வடபழனி முருகனின் விபூதியை மேடத்தின் கையில் கொடுத்து, "முருகன் கண்ணத் தொறந்துட்டான் டாக்டர்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. மேடம் விபூதியை நெற்றியில் இட்டுக்கொண்டு, "ஆமாம், அவன்தான்" என்றார். அந்தம்மா எனக்கும் நீட்டினார். நானும் வாங்கி, கைக்குட்டையில் மடித்துக்கொண்டேன்.

ஜாதகம் எழுதுவதற்காகக் கணவர் ஒரு நோட்டோடு நின்றிருந்தார். மாமியார் நர்சிடம், "நேரம் சரியா சொல்லுங்கம்மா" என்று கேட்டார். நர்ஸ் தாளைப் புரட்டி, "பத்து இருபத்தஞ்சு" என்றாள்.

கட்டிலிலிருந்து குரல் வந்தது. "இல்ல. பத்து இருவது."

எல்லோரும் திரும்பினார்கள். கோமதி குழந்தையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். குரல் களைத்திருந்தது, ஆனால் உரக்கத்தான் சொன்னாள்.

"சொவத்துல கடிகாரம் எனக்கு நேர இருந்துச்சு அத்தை. நான் பாத்தேன். பத்து இருவது."

மாமியார் நர்சைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார். பிறகு மகனிடம் சொன்னார்.

"அவதான் சொல்லுதாள்லா. பத்து இருவதுன்னே எழுது."